வெறுங்கை

ஆகஸ்ட் 5, செவ்வாய்
டயாலிசிஸ் தொடங்கி ஏழு மாதம். மனைவி முருகம்மாள் விடியுமுன்பே ஜீப் ஏறிக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுகிறாள்; அவள் கூலியில்தான் வீடு ஓடுகிறது. சுருளிப்பட்டியிலிருந்து தேனிக்குத் தனியாகத்தான் வருகிறேன். வாரம் இரண்டு நாள், நாலு மணி நேரம். மற்ற கட்டில்களுக்கெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள். எனக்கு ஸ்டூல் மட்டும்.

இன்று அதில் அக்கா உட்கார்ந்தாள். பவுனக்கா, கடமலைக்குண்டிலிருந்து. தூக்குவாளியில் தன் தோப்பு இளநீர். "குடிலே, சூடு தணியும்." எனக்குத் தண்ணீரே அளவுதான்; இளநீர் கூடவே கூடாது. தெரியும். குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
பெரிய தூக்குவாளி. மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். முருகம்மாளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 11
நேற்றுக் காலை கால் துவண்டு விழுந்தேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஆம்புலன்ஸ், அவசர டயாலிசிஸ். பொட்டாசியம் ஏறிவிட்டதாம். "இன்னொரு தடவை இளநீர் குடிச்சா நெஞ்சு நின்னுரும்ணே" என்றாள் நர்ஸ் ஷீபா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
மறுபடி தூக்குவாளியோடு அக்கா. "என்னையக் கொல்லப் பாக்குறியா?" கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.
"என் கையால குடுத்தது விசமாலே?"
முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15
ஸ்டூல் காலி.

ஆகஸ்ட் 22
அக்கா போனையும் எடுக்கவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன் — அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னால்தானே? சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிறவள் இல்லை அவள். வேண்டாமென்றால் வருவதையே நிறுத்திவிடுவாளோ என்று பயம். தெரிஞ்சு குடிச்சது நானு. பழிய அவ தலையில போட்டுட்டேனே, என்ன மனுசன் நான்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு
கடமலைக்குண்டு போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு வெயிலில் போனவனுக்கு அக்கா ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தரவில்லை. பகையாளிக்கும் கொடுப்பவள். முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
ஊசி குத்தி அரைமணி ஆகியிருக்கும். அக்கா வந்து நின்றாள். தூக்குவாளி இல்லை, பை இல்லை.
"அன்னைக்குத் தண்ணி குடுக்காம அனுப்பிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தாம்லே தெரியும். ஒனக்கு ஆகாதேன்னுதான்..." முந்தானையைக் கசக்கினாள். "இன்னைக்கும் வெறுங்கை. பஸ்ஸுல இருந்து இங்கன வரைக்கும் கைய எங்கன வைக்கன்னே தெரியல."

இரண்டாவது மணியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நான் கத்துவதற்குள் அக்கா காலைப் பிடித்து அமுக்க ஆரம்பித்துவிட்டாள். மிஷின் நிற்கும் வரை கையை எடுக்கவில்லை.