கிணற்றில் கட்டிய சேலை

சின்னமனூர்,
1893, சித்திரை

என் மனைவி சூசையம்மாளுக்கு இன்னாசி எழுதுவது. மாதாவின் தயவால் எனக்கு உடம்பு சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் எப்படி என்று தெரிவிக்கவும். இதை உனக்கு வாசித்துக் காட்டும் உபதேசியாருக்கும் என் தோத்திரம்.

இங்கே சின்னச் சண்டை ஒன்று, கலங்காதே. பண்ணையாரின் ஆழக்கிணற்றில் நான் பார்த்துக்கொள்ளும் பம்பு, தண்ணீரோடு மணலையும் இழுத்து உள்ளே இருக்கும் தோல் வளையத்தை அரைத்துவிடும். அதனால் குழாயின் வாயில் தேங்காய் நாரைச் சுற்றி, நான் விரித்துப் படுக்க நீ கொடுத்தனுப்பிய பழைய சேலையை அதன்மேல் கட்டியிருந்தேன். கோடையில் தண்ணீர் இறங்கியதும் அதன் சிவப்புக் கரை பண்ணையார் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏலே, எவளோ உடுத்துன சேலைய என் சாமி குளிக்கிற தண்ணில முக்கி வச்சிருக்கியே!" என்று குதித்தார். எவளோவாம்! அதை அவிழ்த்து எரிக்கச் சொல்லி, கிணற்றில் கோமியம் தெளித்தார். கோமியத்துக்கு மணல் பயப்படுமா? தோல் கிழிந்து பம்பு நின்றது.

தோலை மாற்றி, கடையில் வாங்கிய புதுத்துணியைக் கட்டினால் அதன் நெசவு நெருக்கத்தில் தண்ணீரே ஏறவில்லை. இப்போது கணக்கப்பிள்ளை வந்து, "அந்த மாதிரி பழசே ஒண்ணு கட்டச் சொல்றாக" என்கிறார். வெட்கங்கெட்டவர்கள்! முடியாது என்றுவிட்டேன்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். இந்தப் பக்கம் வரும் வண்டிக்காரரிடம் கருப்பட்டியும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தனுப்பு. கூடவே நீ உடுத்திய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம். பம்புக்கு அல்ல. உபதேசியார் இந்த வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டியதில்லை.

இன்னாசி