தண்ணீருக்குள் நின்றாள்

என்னங்க,

பாப்பா நன்றாக இருக்கிறாள். கவலைப்படாதீர்கள்.

அவள் கால்களுக்குப் பயிற்சி கொடுத்த அரசு மையத்தை நேற்றோடு மூடிவிட்டார்கள். மத்திய அரசு நிதியைக் குறைத்துவிட்டதாம். மாநில அரசும் கையை விரித்துவிட்டது. கடைசி நாளாயிற்றே என்று, பயிற்சி தரும் அக்கா என்னையும் மையத்துக்குள் இருக்கும் அந்த வெதுவெதுப்பான பயிற்சிக் குளத்தில் இறக்கினார். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் தண்ணீருக்குள் அசைந்துகொண்டே இருந்தது. யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல் நின்றேன்.

"பயப்படாம கையை எடுங்க," என்றார் அக்கா.

பாப்பாவைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். தரையில் ஒரு நொடிகூட நிற்காத நம் பாப்பா, மார்பளவுத் தண்ணீரில் தனியாக நின்றாள்.

"அம்மா, நான் நிக்கிறேன் பாரு!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலையிலேயே, "குளத்துக்கு எப்பம்மா போறோம்?" என்று ஆரம்பித்துவிட்டாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நான் வேலைக்குப் போகவில்லை. அதைப் பிறகு பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். கரையோரம் ஆழமில்லை. ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எதிரில் நின்று கூப்பிட்டால் அடியெடுத்து வைப்பாளாம், அக்காதான் சொன்னார்.

பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா