வாத்துச் சந்துக்கு இரண்டு பெயர்

வாத்துச் சந்து,
மக்காவ்.

அன்புள்ள மகன் துவார்த்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், அப்பாவைப் பற்றி இதைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறதே என்று அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நீயும் மருமகளும் லிஸ்பன் குளிரில் சுகம்தானே?

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். அன்று காலை அப்பா மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் ஆம்புலன்சுக்கு போன் போட்டேன், எந்தத் தெரு என்று அந்தப் பெண் கேட்டாள். நாள் முழுக்கச் சந்தையில் சீனத்தில் பேரம் பேசுகிறவள் நான், பயத்தில் வாயில் வந்ததோ நம் வீட்டில் சொல்லும் போர்த்துகீசியப் பெயர், எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த அந்தக் கேப்டனின் நீளப் பெயர். அவளுக்கு விளங்கவில்லை. தெருமுனைச் சுவரில் பதித்த நீல ஓட்டில் இரண்டு பெயரும்தான் இருக்கிறது, சீனப் பெயர் எனக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது, கேப்டன் பெயரையே திரும்பத் திரும்பக் கத்துகிறேன். அப்பாவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கீழ்வீட்டு லியோங் அம்மாள் ஓடிவந்தாள், கூட்டாளிகளோடு மாஜோங் காய் உருட்டி ஆடும் சத்தத்துக்காக நாம் வருஷக்கணக்கில் சண்டை போட்டோமே, அவளேதான். போனைப் பிடுங்கி, "வாத்துச் சந்தும்மா, வாத்துச் சந்து! மனுசன் விழுந்து கெடக்காரு, சீக்கிரம் வாங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "செத்துப்போன கேப்டனை எதுக்குடி கூப்பிடுறே, அவனா வந்து தூக்கப்போறான்?" என்று திட்டினாள். வண்டி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

இங்கே வந்துவிடுங்கள் என்று நீ போனில் அழுததை நினைத்தால் மனசு தாங்கவில்லை. போர்த்துகீசியக் கொடி இறங்கிச் சீனக் கொடி ஏறினாலும் ஐம்பது வருஷம் எல்லாம் இப்படியே இருக்கும் என்றார்கள், பாதி ஓடிப்போச்சே, அதற்கப்புறம் என்ன என்று கேட்டாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறதப்பா. பரணிலிருந்து பெட்டியைக்கூட இறக்கிவிட்டேன். அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "லிஸ்பன்ல எல்லாத் தெருப் பேரும் எனக்கு வாசிக்க வரும் எர்மீனியா, ஆனா விழுந்தா திட்டிக்கிட்டே ஓடிவர ஆளு எங்க இருக்கு?" என்றார். அந்தக் கஞ்சியும் லியோங் அம்மாள் கொடுத்தனுப்பியதுதான். பெட்டியை மறுபடி ஏற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் மாஜோங் காய் உருண்டால் தடியால் தரையை இடிப்பாரே, இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் மத்தியானம் தூங்குகிறார்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. நம் தெருவைச் சீன எழுத்தில் லியோங் அம்மாளிடம் எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த பெயர்தான், இருந்தாலும் பர்சில் வைத்துக்கொள். என்றைக்காவது நீ அலறியடித்து இங்கே வந்து இறங்கி டாக்சியில் ஏறும்போது, பயத்தில் உனக்கும் அது மறந்துபோகும்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.

உன் அம்மா,
எர்மீனியா