உங்கள் பிரேக்கில் பிழையில்லை, மச்சான்

மச்சான்,

மேசையில் இரண்டு சின்ன இறப்பர் வளையங்கள் கிடக்கின்றன. ஒரே பெட்டியில் வந்தவை. ஒன்று கடையில் இருந்தபடியே இருக்கிறது. மற்றது பணியாரம் போல ஊதி, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்குகிறது. இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு இறங்கவில்லை. என் வயிற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அது இலேசில் வேலைநிறுத்தம் செய்கிற வயிறு இல்லை.

புதன்கிழமை அக்கரைப்பற்றில் ஒரு கராஜுக்கு என் காரைக் கொண்டு போனேன். பொனட்டைத் திறந்த மெக்கானிக் பாஸ், பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது, ஒரு போத்தல் வாங்கி வாருங்கள் என்றார். அந்த வெயிலில் யார் நடப்பது?

"டிக்கிக்குள்ள எஞ்சின் ஒயில் அரை டின் கிடக்கு பாஸ். அதுல கொஞ்சம் ஊத்துங்களன். ஒயிலெண்டா ஒயில்தானே?"

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"ஆரு உங்களுக்குச் சென்ன, ஹாஜியார்? பேருதான் பிரேக் ஒயில். அது ஒயிலே இல்ல. எஞ்சின் ஒயில் ஒரு கரண்டி போனாக் காணும், உள்ளுக்க இரிக்கிற இறப்பரெல்லாம் ஊதிரும். மிதி இறுகும். பிரேக் புடிச்ச புடியில நிக்கும், சூடேறும், கொதிக்கும். பொறகு மிதிச்சா உள்ளுக்க ஒண்டும் இரிக்காது."

என்னைப் போன்ற புத்திசாலிகளுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு வளையத்தை எஞ்சின் ஒயிலில் ஊறப்போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் புதியது ஒன்றையும் வைத்து, கொண்டுபோய் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று தந்தார். அவர் சொன்னதில் எனக்குக் காதில் நின்றது ஒன்றுதான், "பொறகு மிதிச்சா". மிதித்தது உங்கள் கால், மச்சான்.

நம் கரையோரத்துக் கார்களுக்குப் பிரேக் ஒரு அலங்காரம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் தரை பாய் விரித்தது போலக் கிடக்கிறது. மாடு குறுக்கே வந்தால் ஹோர்ன் அடிப்போம், அது முடிவெடுக்கும். ஆனால் உங்களுக்குக் கட்டித் தந்த என் தங்கச்சிக்குச் சிறுநீரகம் பழுதாகி, மாதம் ஒருமுறை கண்டிக்குக் கிளினிக் என்றானதும் உங்களுக்கு மலை வந்து சேர்ந்தது. கண்டி மலைப்பாதையின் பதினெட்டு வளைவால் முதல் தடவை அவளை இறக்கிக் கொண்டுவந்த அன்று, பிரேக் கருகிய மணத்தோடு வந்து வாசலில் நின்றீர்கள். முகத்தில் இரத்தம் இல்லை.

அதன் பிறகு அந்தப் பழைய குட்டிக் காருக்கு அதே இனத்துப் பெரிய காரின் முன் பிரேக்கைத் தேடி அலைந்தீர்கள். பெரிய தட்டு, நடுவே காற்றோட இடைவெளி, புதுக் குழாய்கள். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மெக்கானிக்கோடு நிலத்தில் படுத்துக் கிடந்தீர்கள்.

"ஆட்டுக்குட்டிக்கு மாட்டு லாடம் அடிக்கிறீங்க மச்சான்" என்று நான் நக்கலடித்தேன்.

"ஓடுறது தானா ஓடும் மச்சான். நிக்கிறதுக்குத்தான் பாடுபடணும்" என்றீர்கள்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமை. புதுப் பிரேக் படிந்து வந்ததில் ஒயில் சற்று இறங்கியிருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகும்போது சொன்னீர்கள், "மச்சான், கடைக்குப் போய் ஒரு போத்தல் பிரேக் ஒயில் வாங்கி, கோடு மட்டத்துக்கு ஊத்தி உடுங்க." போனேன். வெள்ளிக்கிழமை பகலில் நம் ஊர் எப்படியிருக்கும்? எல்லாக் கடைக்கும் கதவு பூட்டு. திரும்பி வந்து பார்த்தால், உங்கள் விறாந்தை மூலையில் அரை டின் எஞ்சின் ஒயில்.

"ஊத்தினீங்களா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டீர்கள்.

"ஓம், ஊத்தின."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் கெட்டித்தனம் அது.

திங்கட்கிழமை வந்து, மிதி இறுக்கமாக இருக்கிறது என்றீர்கள். "புது மாப்பிள்ள மச்சான், நாலு நாளைக்கு விறைப்பாத்தான் இருப்பாரு" என்றேன். சிரித்தீர்கள். காரைத் திறந்து பார்க்க இருந்த மனுசன், என் பகிடியைக் கேட்டுவிட்டுத் திறக்காமலே போனீர்கள். அடுத்த நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல், அவளுடைய மருந்தை எடுத்துவரக் கண்டிக்குத் தனியே போனீர்கள். திரும்பி இறங்கும்போது ஏழாவது வளைவோ எட்டாவதோ, கார் பள்ளத்தில் பாய்ந்த இடத்தைச் சரியாகச் சொல்ல ஆளில்லை. உங்கள் உடல் மையித்தாக மறுநாள் வந்தது. கார் வரவில்லை. அதை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை.

ஜனாசா வீட்டில் கதிரைகளில் இருந்தவர்கள் காரணம் கேட்டார்கள். காரணம் சொல்ல நான் இல்லாமலா? "நல்லா இருந்த பிரேக்கக் கழட்டிப் போட்டு விளையாடினவரு." அன்று அழுதுகொண்டு சொன்னேன். ஆறு மாதம் போக, தேத்தண்ணிக் கடைகளில் கை கால் ஆட்டிச் சொன்னேன். ஆட்டுக்குட்டி, மாட்டு லாடம், எல்லாம் சேர்த்து. நன்றாக எடுபட்டது. தங்கச்சியும் அதையே நம்பினாள். மூன்று வருடமாக அவள் உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிற நேரத்தை விட ஏசுகிற நேரம் கூட.

நேற்றுக் காலை அவளிடம் போனேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பகிடி ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டாள்.

"அப்ப அவரு விளையாடல்லயா?"

"இல்ல புள்ள."

"சரியாத்தான் பூட்டியிருந்தாரா?"

"ஓம். சரியாத்தான் பூட்டியிருந்தாரு."

அண்ணன் என்றும் பாராமல் என்னை ஏசுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். "மூணு வருசமா அந்த மனுசன ஏசிட்டனே காக்கா" என்று மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க அந்தக் கதையச் சென்ன எடமெல்லாம் போய், இதச் செல்லுங்க. செல்லி முடிச்சுப்போட்டு இந்த வாசலுக்கு வாங்க."

இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தொடங்கினேன். நான் வாயைத் திறந்ததும் எல்லோரும் கதிரையை இழுத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருந்ததைச் சொன்ன இடத்தில் ஒருவர் சிரித்தார். டின்னைத் தூக்கிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடம் நானே பழக்கிவிட்ட சிரிப்பு. நிறுத்தினேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு அப்பால் போனார்.

நாளை சாய்ந்தமருது. நாளை மறுநாள் நிந்தவூர். நான் வாயாடிய ஊர்கள் கொஞ்சமல்ல, மச்சான்.