முதுகு காட்டிப் பேசியவன்

காட்சிலா, ஜார்க்கண்ட்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ராகினி,

நலம். நீயும் நலமாக இருப்பாய், என்மேல் கோபமாகவும் இருப்பாய். இரண்டும் தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, கடிதம் எழுதினால் இருவரும் கொஞ்சம் யோசிப்போம் என்று நான் சொன்னது இப்போது எனக்கே வினையாகிவிட்டது. உன் பதிலுக்காகத் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

படப்பிடிப்பு முடிந்தது. சந்தாலி மொழியில் படம் எடுப்பது என்றால் என்னவென்று, பினாங்கில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எனக்கு என்ன தெரியும்? இயக்குநர் லக்கன் மார்டி பகலில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். கதாநாயகி நடவு முடிந்த பிறகுதான் நடிக்க வந்தாள். உடுப்பெல்லாம் அவரவர் வீட்டுடையது. லட்சக்கணக்கான பேர் பேசுகிற மொழி, சொந்த எழுத்துகூட இருக்கிறது. ஆனால் டவுன் தியேட்டர்காரர்கள் ஒரு காலைக் காட்சி தரவும் யோசிக்கிறார்கள். படம் வெளிவந்த மறுநாளே சந்தையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அறுவடைக்குப் பிறகு ஊர் ஊராகத் திரை கட்டி நாங்களே காட்டுவதென்று லக்கன் முடிவு செய்திருக்கிறார்.

ஒரு தலைவலி. ஜெனரேட்டர் இரைச்சலில் வசனம் முழுக்கக் கெட்டுப்போனது. மற்றவர்களை இங்கேயே மறுபடி பேசவைத்துப் பதிவு செய்துவிட்டோம். கதாநாயகன் மட்டும் குஜராத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், போனை எடுப்பதே இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து மின்கோபுர வேலைக்கு மலேசியா போனவர்கள் நிறைய. நம் தீவுக்கு எதிர்க்கரையில் பிறைப் பக்கம் விசாரித்து ஒரு சந்தாலிக் குரலைப் பிடி. இரைச்சலுக்குள் பழைய வசனம் காதில் விழும், அதைக் கேட்டு அப்படியே திருப்பிப் பேசினால் போதும். உன் ஒலிக்கூண்டிலேயே பதிவு செய்து அனுப்பு, ஹார்ட் டிஸ்க் இதோடு வருகிறது.

இது முடிந்ததும் வந்துவிடுவேன். நிச்சயம்.

அன்புடன்,
தேவகுமார்

*

டத்தோ கெராமாட் சாலை, ஜார்ஜ்டவுன்
2 அக்டோபர் 2023

அன்புள்ள தேவா,

மூன்று மாதம் என்று போனவர் இரண்டு வருஷம் கழித்து ‘நிச்சயம்’ என்று எழுதுகிறீர்கள். நம் கல்யாணத்தில்கூட அந்தச் சொல்லை இத்தனை தடவை யாரும் சொல்லவில்லை. போகட்டும்.

குரல் கிடைத்துவிட்டது. சிம்பாங் அம்பாட்டில் கோழி லாரி ஓட்டுகிற மோகனராஜ் அண்ணனைக் கேட்டேன். “சுங்கை பாக்காப் பண்ணையில ஒருத்தன் இருக்கான் தங்கச்சி. இந்திக்காரன்னுதான் நெனச்சேன், இந்தியும் தடுமாறுறான்லா. தனியா இருக்கறப்ப வேற என்னமோ பாஷை பேசுறான்” என்றார். தனியாக இருக்கும்போது யாரிடம் பேசுகிறார் என்று கேட்டேன். “அதான் எனக்கும் தெரியல” என்றார்.

பெயர் பைஜு. கோபுர வேலைக்கு வந்து, பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் விட்டுவிட்டு ஓடி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஒளித்துக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் இருவரும் உடைந்த மலாயில் பேசிக்கொண்டோம். ஒலிக்கூண்டில் விளக்கை அணைக்கச் சொன்னார். படத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பேசினார். அப்படியும் வாயசைவு அச்சாகப் பொருந்தியது. நானும் எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

அந்தக் கதவுக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். வெகுநாள் கழித்து வரும் கதாநாயகன் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, நமக்கு முதுகு காட்டிப் பேசுகிறானே, உள்ளே மனைவி வாய் திறக்காமல் நிற்கிறாளே, அது. பைஜு இரண்டு தடவை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். பேச்சு, இடைவெளி, பேச்சு. நீளம் சரியாக இருந்தது. முதுகுப்பக்கம் என்பதால் வாயசைவு பார்க்கும் வேலையும் இல்லை. எனக்கு மொழி தெரியாது, சரி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் தேவா, அவர் பேசாமல் இருந்த இடங்களில் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே யாரோ பேசியதை நான்தான் பதிவு செய்யத் தவறிவிட்டேன் என்று தோன்றியது.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மழையில் மாடிக் கூரை ஒழுகுகிறது. உங்களுக்குச் சொன்னால் என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ராகினி

*

காட்சிலா
18 ஜனவரி 2024

அன்புள்ள ராகினி,

இதை உட்கார்ந்து படி.

பொங்கலையொட்டி இங்கே மகர சங்கராந்திச் சந்தை. லக்கனுடைய ஊர் மைதானத்தில் திரை கட்டி முதல் காட்சி போட்டோம். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்திருந்தன. பாட்டுக்கு ஆடினார்கள், சிரித்தார்கள். கதவுக் காட்சி வந்தது. அவன் முதுகு திரை முழுக்க நின்றது. “பூல்மணி” என்று கூப்பிட்டது திரை.

எங்கள் கதையில் அப்படி ஒரு பெயரே கிடையாது.

ரெண்டு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தாலி புரிகிறது. “பூல்மணி, தம்பி கோபுரத்தில் ஏறமாட்டேன் என்றான். நான்தான் ஏறச் சொன்னேன். விழுந்துவிட்டான்” என்றது குரல். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டாள். “கடலுக்கு இந்தப் பக்கம்” என்றது திரை. “குளிருகிறதா?” என்றாள். “இங்கே குளிரே இல்லை” என்றது. அவள் கேட்டு முடித்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் அடுத்த வார்த்தை தொடங்கியது. நீ அனுப்பிய நீளம்தான் ராகினி, அதில் ஒரு மூச்சுகூட நான் கூட்டவில்லை.

லக்கன் பிறகு சொன்னார். பக்கத்து ஊரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் கோபுர வேலைக்குப் போனார்கள். ஒரு தகவலும் இல்லை, ஏஜெண்ட் போனும் செத்துப்போனது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டுப் போன வருஷம் இருவருக்கும் காரியம் செய்து ஊருக்குச் சோறு போட்டுவிட்டார்கள். அண்ணன் பெயர் பைஜு. பூல்மணி அவன் மனைவி.

யாரும் பயந்து ஓடவில்லை. ஒரு கிழவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, செத்தவர்களுக்கு ஊற்றுவதுபோல் திரைக்கு முன்னால் ஊற்றினார். மறுபடி போடச் சொன்னார்கள். போட்டோம்.

தேவகுமார்

*

ஜார்ஜ்டவுன்
6 பிப்ரவரி 2024

அன்புள்ள தேவா,

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டோம். மொழி தெரியாமல் பதிவு செய்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அவர் உயிரோடு இருக்கிறார். போன வாரம்கூட மோகனராஜ் அண்ணனிடம் எனக்கு முட்டை கொடுத்தனுப்பினார், செத்தவர்கள் முட்டை கொடுத்தனுப்புவார்களா? உங்கள் கடிதம் வந்ததும் பண்ணைக்குப் போனேன். ஏன் வீட்டுக்கு ஒரு போன் செய்யவில்லை என்று கேட்டேன். “முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு வெகுநாள் ஆகிவிட்டது. வெகுநாள் ஆனபின் என்னதான் சொல்வது?” என்றார். கூண்டு இருட்டாக இருந்ததால் வாயில் வந்துவிட்டதாம். படம் அந்த ஊருக்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள். திரைக்குத் தண்ணீர் ஊற்றவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவள் தாலி உங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தாலி கட்டுவார்களோ என்னவோ, நீங்கள் புரிந்துகொண்டால் சரி.

ராகினி

*

காட்சிலா
1 மார்ச் 2024

அன்புள்ள ராகினி,

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாகிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் டிராக்டரில் வருகிறது. அரிசி கொண்டுவந்து திரைக்குக் கீழே வைக்கிறார்கள். காலைக் காட்சி தரமாட்டேன் என்ற தியேட்டர்காரர் நேற்று ஆள் அனுப்பினார். லக்கன் சிலிண்டர் போடுவதை நிறுத்திவிட்டு அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த மொழிப் படத்துக்கு இப்படி ஒரு கூட்டத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பூல்மணி எல்லாக் காட்சிக்கும் வருகிறாள். முன்வரிசையில் அவளுக்குப் பாய் போட்டு வைக்கிறார்கள். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இப்போதெல்லாம் அவள் வேறு வேறு கேள்வி கேட்கிறாள். “அங்கே நம்மவர்கள் யாரும் இருக்கிறார்களா?” என்று நேற்று கேட்டாள். முன்னால் “குளிருகிறதா?” என்று கேட்ட இடம் அது. “இங்கே குளிரே இல்லை” என்றுதானே திரை சொல்ல வேண்டும்? “இங்கே...” என்று தொடங்கியதும் இரைச்சல் வந்து மீதி காதில் விழவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டாள். பதில் கிடைத்துவிட்டதாம். ஒலித்தடத்தில் அந்த இடத்தில் இரைச்சலே இல்லை, காலையில் போட்டுப் பார்த்தேன்.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. திட்டாதே. இப்போது சொன்னால் இது வெறும் சினிமாவாகிவிடும், கூட்டம் கலைந்துவிடும். இந்தச் சீசன் மட்டும் முடியட்டும் என்று லக்கன் கையைப் பிடித்துக் கேட்கிறார். மழைக்கு முன் சொல்லிவிடுகிறேன். நிச்சயம்.

தேவகுமார்

*

ஜார்ஜ்டவுன்
22 மார்ச் 2024

தேவா,

உங்கள் சீசன் முடிகிறவரை ஒருத்தி விதவையாக இருக்க வேண்டுமா? உங்களைத் திட்ட எனக்குத் தமிழில் வார்த்தை போதவில்லை, அம்மா பேசிய யாழ்ப்பாணத் தமிழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பைஜுவிடம் அன்று சொல்லாததையும் நானே சொல்லிவிட்டேன். அவர் குரலைக் கேட்க ஜனம் கூடுகிறது என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். “அவள் என்ன கேட்கிறாள்?” என்றார். உங்கள் கடிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கூண்டில் பேசும்போது தன் மனத்தில் அவள் குரலில் கேட்டதும் அதே கேள்விகள்தானாம். கடைசிக் கேள்வியைச் சொன்னதும் என்னை நிறுத்தினார். “அதை மட்டும் நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை” என்றார்.

தாமாகத் திரும்பிப் போகிறவர்களுக்குக் குடிநுழைவுத் துறையில் வழி செய்திருக்கிறார்கள். மோகனராஜ் அண்ணன் கூடவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். தூதரகத்தில் காகிதம் கிடைத்ததும் விமானம். போன் செய்து சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நேரில்தான் சொல்ல வேண்டும் என்கிறார். நீங்கள் செய்யாததை அவர் செய்கிறார், அவ்வளவுதான்.

ராகினி

*

காட்சிலா
4 மே 2024

அன்புள்ள ராகினி,

அவர் வந்துவிட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே யாரும் இல்லை, எல்லாரும் படம் பார்க்க வந்துவிட்டார்கள். மைதானத்துக்கு வந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார், நீ வாங்கிக் கொடுத்ததாம். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகி வழிவிட்டார்கள். ஒருவர்கூடத் தொடவில்லை. பெற்ற தாய்கூட.

பூல்மணி முன்வரிசையில் திரையோடு பேசிக்கொண்டிருந்தாள். “பூல்மணி” என்றார் பின்னாலிருந்து. அதே நேரத்தில் திரையும் “பூல்மணி” என்றது. அவள் திரும்பவில்லை. பொறு என்று கையை மட்டும் காட்டினாள். காட்சி முடிந்த பிறகுதான் எழுந்து அவரைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் சாகவில்லை, பினாங்கில் இருந்தார், என் மனைவிதான் குரலைப் பதிவு செய்தாள், முன்பே சொல்லாதது என் தப்பு என்றேன்.

கேட்டுக்கொண்டாள். கோபமே இல்லை. “உயிரோடு இருந்தால் போன் செய்திருப்பான்” என்றாள். “என் புருஷன் செத்துப்போனான். செத்த பிறகும் தினம் வந்து பேசுகிறான். இது யார்?”

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பைஜு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார், நிறுத்துகிறார், மறுபடி பேசுகிறார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் கேமராவைத் தொடவில்லை ராகினி. லக்கன் எடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றுவிட்டேன்.

எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை சத்தியமாக. கூரையை நானே ஏறிச் சரிசெய்கிறேன்.

உன்
தேவா

*

ஜார்ஜ்டவுன்
23 மே 2024

அன்புள்ள தேவா,

பூல்மணி சொன்னதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய ஒலித்தடங்களில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் “ரெடியா?” என்று நீங்கள் கேட்பது பதிவாகியிருக்கிறது. ஷாட் முடிந்ததும் “நல்லா இருந்துச்சு” என்று தமிழில் உங்களுக்கே சொல்லிக்கொள்வீர்கள். அதைக் கத்தரிப்பதுதான் என் முதல் வேலை. கத்தரிக்காமல் வைத்துக்கொண்டேன். வேலை இல்லாத நாளிலும் போட்டுக் கேட்பேன். “ரெடியா?” என்றதும் அன்றைய கதையைச் சொல்வேன். எதிர்வீட்டு சலேஹாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, எனக்கு முழங்கால் வலி வந்தது, எல்லாம். நான் சொல்லி முடிக்கும்போது “நல்லா இருந்துச்சு” என்று வரும். ஒருநாளும் அவசரப்பட்டு இடையில் வந்ததில்லை. அந்த மனிதரோடு இத்தனை மாதமும் நன்றாகவே குடும்பம் நடத்தினேன்.

போனில் சண்டை வருகிறது என்று கடிதம் போடச் சொன்னவர் வேறு ஆள். ஒரு பெண்ணை ஏமாற்றிக் கூட்டம் சேர்த்தவரும் அவர்தான். அவர் வந்து கதவைத் தட்டினால், யார் என்றுதான் எனக்கும் கேட்கத் தோன்றும். அதனால் வர வேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூரையை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். உங்கள் உடுப்பையெல்லாம் துவைத்து உங்கள் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை, அழுகை வந்ததும் உண்மைதான்.

செத்தவரோடு குடித்தனம் நடத்த எனக்கு வயது போதாது. நேற்றுக் காலை உட்கார்ந்து உங்கள் குரல் இருந்த தடங்களையெல்லாம் ஒன்று விடாமல் அழித்தேன். படத்துக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். மெஷினை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கீழே போய்த் தேநீர் போட்டேன். மாடியிலிருந்து “ரெடியா?” என்று கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை.

ராகினி