எர்னாரின் தொட்டியில் யாரோ இருக்கிறார்கள்

அல்மாத்தி
3 அக்டோபர் 2016

என் அன்பு மருமகள் ஜசீராவுக்கு,

உடம்பு சுகமா, கால்நடை சுகமா என்று கேட்டுத்தான் நாம் கடிதம் தொடங்குவோம். என் கால்நடை மொத்தமே எர்னார் விட்டுப்போன இரண்டு கோமாளி மீன்கள். அவை சுகம். நானும் அவற்றுக்குக் குறையாத சுகம்.

தொட்டியின் பக்கத்தில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில் உள்ளபடிதான் எல்லாம் செய்கிறேன். தினமும் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர், வாரம் ஒரு முறை உப்புக் கலந்த தண்ணீர். முப்பத்தொரு வருஷம் ரயில் பெட்டி பழுதுபார்த்தவனுக்கு இது ஒரு வேலையா? ஆனால் உன் தாளில் எழுதாத ஒன்று தொட்டிக்குள் இருக்கிறது.

ஆறு நத்தைகள் இருந்தன. இப்போது இரண்டு. காலிக் கூடுகளை எடுத்துப் பார்த்தால் சுத்தியலால் தட்டியதுபோல உடைந்திருக்கின்றன. இன்று காலை தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய பவளக்கல்லின் அடிப்பொந்திலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. ஒன்று என்னைப் பார்த்தது, மற்றது என் ரொட்டியைப் பார்த்தது.

என் மகன் எர்னார் கண்ணை மூடி ஒன்றேமுக்கால் வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அந்தத் தொட்டிக்குள் புதிதாக ஒரு கூழாங்கல்கூடப் போடவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? என்ன இது? நீதான் சொல்ல வேண்டும். போன் செய்யாதே, என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். செய்தி தட்டச் சொல்லாதே, அந்தப் பொத்தான்களுக்கு என் விரல் பெரிது.

அவனுடைய முதல் வருஷ நினைவு விருந்துக்கு வந்து போனவள் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அக்தாவு தூரம்தான்.

உன் அத்தா

*

அக்தாவு
17 அக்டோபர் 2016

அன்புள்ள அத்தாவுக்கு,

ஜசீரா தலைவணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் பதின்மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்து சேர்ந்தது. நான் நலம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில் அதே வேலைதான். நாள் முழுக்க உப்பை அளக்கிறேன். சன்னலைத் திறந்தால் கடல். ஆனால் அதில் எர்னாருக்குப் பிடித்த வண்ணம் ஒன்றுகூட இல்லை, வெறும் சாம்பல் நிறம்.

நத்தைக் கூட்டை உடைப்பது என்றால் நான்கு பேர் மேல்தான் சந்தேகம். நண்டு, முள்புழு, சொடக்கு இறால், கும்பிடுபூச்சி மாதிரிக் கை மடக்கும் இறால். புழு கூட்டை உடைக்காது, அதை விட்டுவிடலாம். நண்டு என்றால் பக்கவாட்டில் நடக்கும். சொடக்கு இறால் சாது, ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும். கடைசி ஆள்தான் ஆபத்து, மீனையும் அடித்துவிடும். கண், கை, வால் மூன்றையும் பார்த்து வரைந்து அனுப்புங்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்கிறதா? மன்னியுங்கள், கை தன்னால் எழுதிவிட்டது.

வராததற்குக் கோபப்படாதீர்கள் அத்தா. அந்த வீட்டுக்குள் வந்தால் அவருடைய செருப்பு இருக்கும் இடத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. என்னால் முடியவில்லை.

கீழே அடித்திருக்கும் வரியைப் பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் மருமகள் ஜசீரா

*

அல்மாத்தி
1 நவம்பர் 2016

அன்பு ஜசீராவுக்கு,

கீழே அடித்திருந்த வரியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. ரொம்ப அழுத்தமாக அடித்திருக்கிறாய், பேனா முனை பாவம்.

செவிடனிடம் போய்ச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டாயே! இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு மேல்வீட்டு நியூராவைக் கூப்பிட்டு வந்தேன். கண்ணாடியில் காதை ஒட்டவைத்துக் கொண்டு அரைமணி நேரம் நின்றாள் பாவம். திடீரென்று துள்ளி விழுந்து, என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்:

"யோவ், உள்ள எவனோ சூரியகாந்தி விதை கொறிக்கிறான்யா!"

"ஒருத்தனா, ரெண்டு பேரா?"

"ஒருத்தன்தான். ஒன்னை மாதிரி தனிக்கட்டை போல. பேச்சுத்துணை இல்லாம எதையோ ஒடைச்சிக்கிட்டுக் கெடக்கான்."

அவள் போனதும் நான் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். டக். கையில் விழுந்தது ஜசீரா. காதில் விழாதது கையில் விழுந்தது.

ஒரு தப்பு செய்துவிட்டேன், திட்டாதே. அழைக்காமல் வாசலில் வந்து நிற்பவன் கடவுள் அனுப்பிய விருந்தாளி. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று நம்மவர்கள் கேட்பதுண்டா? நானோ விருந்தாளிக்கு ஒரு வாய் கொடுக்காமல் உன்னிடம் பெயர் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மனசு கேட்கவில்லை. குளிருக்கு வாங்கி வைத்திருந்த குதிரைத் தொத்திறைச்சியில், நல்ல கொழுப்பான துண்டாகப் பார்த்து, பொந்து வாசலில் வைத்தேன். அவன் தொடவே இல்லை. கொழுப்பு மேலே மிதந்து, நுரை வடிகட்டி பொங்கித் தரையெல்லாம் நுரை. மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன்.

படம் வைத்திருக்கிறேன். உடம்பு பச்சை, என் நடுவிரல் நீளம். இரண்டு கையையும் மடக்கி நெஞ்சோடு வைத்திருக்கிறான், நெரிசல் பஸ்ஸில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிபோல. வால் சரியாகத் தெரியவில்லை. இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும்? எழுது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், அவசரம் இல்லை.

உன் அத்தா

*

அக்தாவு
14 நவம்பர் 2016

அன்புள்ள அத்தாவுக்கு,

குதிரைத் தொத்திறைச்சியா! படித்துவிட்டுச் சோதனைக்கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படிச் சிரித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன். இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். மீன்கள் பிழைத்ததே பெரிது.

உங்கள் படம் போதும், வாலைப் பார்க்க வேண்டாம். அது கும்பிடுபூச்சி இறால்தான். மடக்கிய கைதான் அதன் சுத்தியல். அந்தக் கல் நாங்கள் கல்யாணமான வருஷம் வாங்கியது. சிறு குஞ்சாக அதற்குள் இருந்திருக்க வேண்டும். அப்போதே 'டக்' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது அத்தா. விளக்குப் பெட்டி சூட்டில் விரிகிறது என்று நான் சொல்வேன். "இல்லடி, உள்ள எவனோ வேலை பாக்கிறான், எங்கப்பா பட்டறை மாதிரியே சத்தம்" என்பார் அவர்.

ஆனால் அதை எடுத்துவிட வேண்டும். இன்று இல்லாவிட்டால் நாளை மீன்களை அடிக்கும். கல்லோடு வாளிக்குத் தூக்கி, பொந்துக்குள் சோடாத் தண்ணீர் ஊற்றினால் குதித்து வெளியே வரும். வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் கிழியும்.

இனி நான் அடித்த வரியை அடிக்காமல் எழுதுகிறேன். ஆலையில் அஸ்கத் என்று ஒருவர், குழாய்ப் பிரிவில் பொறியாளர். மனைவியை இழந்தவர். என்னைக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன், உங்கள் ஆசியில்லாமல் அந்த வாசலைத் தாண்டினால் எனக்கு எங்கேயும் நிம்மதி இருக்காது. எர்னாரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தனியாக இருக்க முடியவில்லை அத்தா, அவ்வளவுதான். வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் வேண்டாம்.

உங்கள் ஜசீரா

*

அக்தாவு
20 டிசம்பர் 2016

அன்புள்ள அத்தாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. தினமும் தபால் பெட்டியைத் திறந்து மூடுகிறேன். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து நியூரா அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரு, மீன் தொட்டி முன்னால கைய வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. என்கிட்டயும் பேசறதில்ல" என்றார்.

கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள். அஸ்கத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஜசீரா

*

அல்மாத்தி
5 ஜனவரி 2017

ஜசீரா அம்மா,

கோபம் இல்லை. வெட்கம்.

அது என்ன பிராணி என்று எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். உடைந்த கூட்டை மீன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் ஒரே பார்வையில் சொல்லி, காகிதத்தில் எழுதியும் கொடுத்தான். "பெரியவரே, இன்னிக்கே கல்லைத் தூக்கி வெளியே போடுங்க" என்றான். வீட்டுக்கு வந்து, தெரியாதவன் போல உனக்கு எழுதினேன். சுகம் விசாரித்து எழுதினால் நீ இரண்டு வரியில் முடித்துவிடுவாய். இதைக் கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும், அடுத்ததும் எழுத வேண்டியிருக்கும். கிழவனின் புத்தி அவ்வளவு தூரம் வேலை செய்தது. வாலையும் நன்றாகவே பார்த்திருந்தேன்.

நீ அடித்த வரியையும் படித்துவிட்டேன். அஸ்கத் என்ற பெயர் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அவசரம் இல்லை என்று எழுதினேன். பிராணியின் பெயர் கிடைக்காதவரை நீ அந்தப் பேச்சை எடுக்க மாட்டாய் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகும் அவனை எடுக்க மனம் வரவில்லை. என் மகன் காதில் விழுந்த சத்தம் என் கையில் விழுந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும், நீயும் போய்விடுவாய். கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பெரிய கோமாளி மீன் செத்து மிதந்தது. என்னால்தான் செத்தது. எர்னார் கையில் சாப்பிட்ட மீன். மற்றது இப்போது ஒரு மூலையிலேயே நிற்கிறது. அன்றைக்கே சோடா வாங்கி வந்து கல்லைத் தூக்கினேன். நீ சொன்னபடியே குதித்தான். கடைக்காரன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்வான்.

நேற்று நியூராவைக் கீழே கூப்பிட்டேன். இரண்டு கையையும் விரித்து உனக்கு ஆசி சொன்னேன். போகிற வீட்டில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், தொட்டில் காலியாக இருக்க வேண்டாம் என்றேன். சொல்லி முடித்து, நம் வழக்கப்படி இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டேன். நியூரா ஆமென் சொல்லி, சிலுவையும் போட்டுக்கொண்டாள். இரண்டு பக்கத்துக் கடவுளுக்கும் தகவல் போய்விட்டது. நீ இங்கே கொண்டுவந்த விரிப்புகளையும் பெட்டியையும் வியாழக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். மகளை அனுப்புகிற மாதிரி முறையாகத்தான் அனுப்புகிறேன், ஒன்றும் குறைக்கவில்லை.

ஆறு வருஷமாக நீ என் பெயரை உச்சரித்ததில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை உறையில்கூட விடாமல் 'எர்னாரின் தந்தைக்கு' என்றே எழுதினாய். தபால்காரி ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இனி அஸ்கத்தின் அப்பா பெயரைத்தான் நீ சொல்லக் கூடாது. என் பெயரைச் சொல்லலாம், தடையில்லை.

இந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை. முதல் வரியிலிருந்து தேடிப் பார். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

கைர்கென்