இடது முழங்கை

மச்சான்,

போன சனிக்கிழமை மாவட்டப் பளுதூக்கும் போட்டியில் என்னை நடுவர் கதிரையில் உட்கார வைத்தார்கள். இடப்பக்கக் கதிரை, நீ உட்காரும் பக்கம். மேசையில் தூக்கு செல்லும் என்றால் வெள்ளை, செல்லாது என்றால் சிவப்பு என இரண்டு பொத்தான்கள். பாலமுனைப் பிள்ளை ஒருத்தி எடையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். நிலைத்து நிற்பதற்கு முன் அவளுடைய இடது முழங்கை ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. அப்படி மடங்கினால் அந்தத் தூக்கு செல்லாது. என் விரல் சிவப்புக்குப் போனது, மனம் உன்னிடம் வந்தது.

நாம் தொடங்கியது உன் வீட்டுப் பின்வளவில். நெல் மில்லில் கழித்துப் போட்ட இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் சீமெந்து நிறைத்த பெயின்ட் வாளிகள். நான் தூக்குவேன், நீ எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்பாய். "இரி… இன்னும் இரி… ம், போடு." நீ கையை இறக்கும்வரை நான் எடையை இறக்கக்கூடாது, போட்டியிலும் அதுதான் விதி. பிறகு ஒவ்வொரு நாளும் அதே பல்லவி: "மச்சான், ஒன்ட இடது முழங்கை மடங்குது. இப்ப திருத்தாட்டி ஒருநாள் மாட்டுவாய்." எனக்கு எரிச்சல் வரும்.

உன் முதுகு பழுதானபோது நீ நடுவர் பரீட்சை எழுதினாய். பின்வளவை ஜிம் ஆக்கினாய். உன் கடற்கரைத் தெருக் கோயிலடிப் பிள்ளைகளும் எங்கள் பள்ளிவாசல் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தண்டைத் தூக்கினார்கள்.

பிறகு வெளிநாட்டுக்கு ஆள் தெரிவுசெய்யும் போட்டி வந்தது. என் கடைசித் தூக்குக்கு மூன்று நடுவர்களின் விளக்கில் இரண்டு சிவப்பாக எரிந்தன, தூக்கு செல்லவில்லை. ஒன்று உன்னுடையது. மற்றது கொழும்பிலிருந்து வந்த நடுவருடையது. அவரைப் பற்றி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கை மடங்கியது.

மறுநாள் கல்முனைச் சந்தைப் பக்கத்து ஹோட்டலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் என்னிலும் மூத்த காக்கா ஒருவர் சொன்னார்: "அவன் நம்மட ஆளில்லயே. பொறகு எப்படி வெள்ளயப் போடுவான்?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் உன் ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நானும்தான் வரவில்லை.

அடுத்த ஆண்டு தெரிவாகி வெளிநாடு போனேன். மூன்று முறை தூக்கினேன், மூன்று முறையும் அதே கை, அதே சிவப்பு. அந்த நடுவர்கள் மூன்று பேருக்கும் நான் எந்த ஊர், எந்த மார்க்கம் என்று தெரியாது. வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் ஊருக்கு வந்து தோள் பிடித்துக்கொண்டது என்றுதான் சொன்னேன். பஸ் தரிப்பில் நீ என்னைக் கண்டு கேட்டாய்.

"முழங்கையா மச்சான்?"

"இல்ல, தோள்."

என் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, ஒத்தடம் குடு" என்றாய். அதற்குப் பிறகு நாம் கதைக்கவில்லை.

அந்தக் கையை நீ சொன்ன முறையிலேயே திருத்தினேன். நாலைந்து நாடுகளில் தூக்கினேன், மாலை போட்டார்கள், மேடை ஏற்றினார்கள். ஒரு மேடையிலும் உன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீ இறந்த அன்று உன் வீட்டு ஒழுங்கை முனைவரை வந்தேன். பந்தல் தெரிந்தது. உன் மனைவியின் முகத்தில் முழிக்கத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை நான் சிவப்பைத்தான் அழுத்தினேன். போட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வாப்பா என்னிடம் வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அன்று ஹோட்டலில் கதைத்த அதே காக்கா.

"நம்மட புள்ளதானே தம்பி. கொஞ்சம் பாத்திரிக்கலாமே."

"கை மடங்கினது காக்கா. அண்டைக்கு எனக்கும் மடங்கினதுதான்."

"எண்டைக்கு?"

உன் பெயரைச் சொன்னேன். ஹோட்டலை, அவர் சொன்னதை, நான் ஓம் என்றதை எல்லாம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "யாரு அது? எனக்கு நினைவில்லயே தம்பி" என்றுவிட்டு மகளைத் தேடிப் போய்விட்டார்.

சொன்னவர் மறந்துவிட்டார். ஓம் என்றவன் நான் இன்னும் கையை மேலே வைத்துக்கொண்டு நிற்கிறேன், மச்சான். 'போடு' என்று சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.